மூன்று பழம் உள்ள கூடை: ஒரு நிகழ்தகவுக் கணக்கின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணக்கு இது:

ஒரு கூடையில் சில மாம்பழங்கள் உள்ளன. அவற்றில் 4 பங்கனப்பள்ளி, மீதி எல்லாம் செந்தூரம். சமவாய்ப்பு முறையில் ஒரு பழம் எடுத்து, அதைத் திரும்பப் போடாமல் இன்னொன்றும் எடுத்தால், இரண்டுமே செந்தூரமாக இருக்கும் நிகழ்தகவு 1/3. (அ) கூடையில் மொத்தம் எத்தனை பழம்? (ஆ) எடுத்த இரண்டில் குறைந்தது ஒன்றாவது பங்கனப்பள்ளியாக இருக்கும் நிகழ்தகவு என்ன?

எழுதியவர் பத்தாம் வகுப்பு மாணவி. வீடு பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் இடையில். பகலில் கேரளப் பாடத்திட்டம், தமிழ் வழி. மாலையில் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் டியூஷன், அங்கே தமிழ்நாட்டுப் பாடத்திட்டக் குறிப்புகள். இருபடிச் சமன்பாடு அவருக்குத் தகராறு இல்லை. காரணிப்படுத்துவார், சூத்திரத்திலும் போடுவார். இருந்தும் இந்தக் கணக்கை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் வெவ்வேறு இடத்தில் தவறினார். அந்த மூன்று தாள்களும்தான் இங்கே பொருள்.

கணக்கைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. முதலமடைப் பக்கத்துத் தோப்புகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. "பங்கனப்பள்ளி பெருசா இருக்கும், கையில பட்டாலே தெரிஞ்சுடுமே டீச்சர்?" நியாயமான கேள்வி. பாடநூல்கள் ஒரே அளவுள்ள பந்துகளையும் சீட்டுகளையும் பிடித்துக்கொண்டு தொங்குவது கற்பனைப் பஞ்சத்தால் அல்ல. எந்தப் பழமும் மற்றதைவிடக் கைக்கு எளிதாக அகப்படக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால்தான், எண்ணிக்கையை எண்ணிக்கையால் வகுக்கவே உரிமை வருகிறது. 'சமவாய்ப்பு முறையில்' என்ற சொல் அந்த உரிமைச் சீட்டு.

சரியான வழி

மொத்தப் பழங்களின் எண்ணிக்கையை ம என்று வைக்கலாம். பாடநூலில் இதற்கு எக்ஸ் என்று வரும். எழுத்து எதுவானாலும் ஒன்றுதான். செந்தூரம் ம − 4. முதல் பழத்தை ம வகையில் எடுக்கலாம், இரண்டாவதை ம − 1 வகையில். ஆகவே கூறுவெளியில், அதாவது வரக்கூடிய எல்லா விளைவுகளிலும் சேர்த்து, ம(ம − 1) சோடிகள். இரண்டும் செந்தூரமாக வரும் சோடிகள் (ம − 4)(ம − 5).

(ம − 4)(ம − 5) / ம(ம − 1) = 1/3
3(ம² − 9ம + 20) = ம² − ம
2ம² − 26ம + 60 = 0
ம² − 13ம + 30 = 0
(ம − 10)(ம − 3) = 0

ம = 10. சரிபார்த்தால், (6 × 5) / (10 × 9) = 30/90 = 1/3.

முதல் பழம் இன்னது என்று தெரிந்த பிறகு இரண்டாவதன் வாய்ப்பைக் கணக்கிடும் நிபந்தனை நிகழ்தகவு தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில்தான் வருகிறது. அதனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சோடி எண்ணும் வழியே போதும், அதுவே தெளிவும்கூட. கேரளப் பாடத்திலும் நிகழ்தகவு பெரும்பாலும் சோடிகளை எண்ணித்தான் கற்பிக்கப்படுகிறது.

ம² − 13ம + 30 = 0 வரைக்கும் வந்துவிட்டால், பிறகு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பழக்கம், அந்தப் பக்கம் ஒரு பழக்கம். டியூஷனில் 'கூட்டினால் −13, பெருக்கினால் 30' என்று காரணி தேடச் சொல்வார்கள். பள்ளியில் வர்க்கப் பூர்த்தி. கூட்டுத்தொகை 13 என்றால் எண்கள் 13/2 + த, 13/2 − த. பெருக்கினால் 169/4 − த² = 30. த² = 49/4, த = 7/2. எண்கள் 10, 3. காரணி சட்டென்று கண்ணில் படாத கணக்குகளில் இரண்டாம் வழி கைகொடுக்கும், ஏனென்றால் அதில் ஊகிக்க எதுவும் இல்லை. ஒரே தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

முதல் தாள்: மேலே மறந்த ஒன்று

இரண்டாவது பழம் எடுக்கும்போது மொத்தத்தில் ஒன்று குறையும் என்று மாணவிக்குத் தெரிந்திருந்தது. செந்தூரத்திலும் ஒன்று குறைந்திருக்கிறது என்பது விட்டுப்போனது. எழுதியது: (ம − 4)(ம − 4) / ம(ம − 1) = 1/3. விரித்தால் 2ம² − 23ம + 48 = 0. தன்மைகாட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண்) 529 − 384 = 145.

145 முழுவர்க்கம் அல்ல. அங்கேயே நின்றிருக்க வேண்டும். பழத்தை எண்ணிச் சொல்லும் கணக்கில் வர்க்கமூலம் முழு எண்ணாக வராவிட்டால், தவறு தீர்ப்பதில் இல்லை, சமன்பாட்டை அமைத்த வரியிலோ விரித்த வரியிலோ இருக்கிறது. அவரோ √145 ஏறத்தாழ 12 என்று எடுத்து, (23 + 12)/4 = 8.75, 'தோராயமாக 9' என்று முடித்திருந்தார். 9 பழம் என்றால் (5 × 4) / (9 × 8) = 5/18. 1/3 இல்லை.

இதே வரியில் வேறு பிள்ளைகள் சறுக்கும் இடங்களையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பழத்தைத் திரும்பப் போட்டதாக நினைத்து (ம − 4)²/ம² என்று எழுதினால் ம² − 12ம + 24 = 0, தன்மைகாட்டி 48. மேலே குறைத்துக் கீழே குறைக்க மறந்து, பகுதியில் ம² போட்டால் 2ம² − 27ம + 60 = 0, தன்மைகாட்டி 249. வரிசை பார்த்து எண்ணிய சோடிகளை மேலேயும், வரிசை பார்க்காமல் எண்ணிய ம(ம − 1)/2 சோடிகளைக் கீழேயும் போட்டால் 5ம² − 53ம + 120 = 0, தன்மைகாட்டி 409. நான்கில் ஒன்றுகூட முழுவர்க்கம் இல்லை. திருத்துபவர் அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து, பிள்ளை எங்கே வழுக்கியது என்று சொல்லிவிடலாம்: 145 வந்தால் தொகுதியை மறந்தது, 249 வந்தால் பகுதியை மறந்தது, 48 வந்தால் பழத்தைத் திரும்பக் கூடையில் போட்டது, 409 வந்தால் இரண்டு விதமாக எண்ணியது.

பகுதி என்ற சொல்லில் எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தமிழில் பின்னத்தின் மேலே தொகுதி, கீழே பகுதி. மலையாளத்தில் மேலே அம்சம், கீழே சேதம். 'பகுதி' என்று காதில் விழும் மலையாளச் சொல்லுக்குப் பொருள் பாதி. பகலெல்லாம் மலையாளம் கேட்கும் பிள்ளையிடம் 'பகுதியில் ஒன்றைக் குறை' என்றால், அது ஒரு நொடி எதைக் குறைப்பது என்று நிற்கும். வடக்கே நகரி, சத்தியவேடு பக்கம் வேறு கூத்து: தெலுங்கில் பின்னத்தின் கீழ் எண் ஹாரம், தமிழ்க் காதுக்கு அது வட்டத்தின் ஆரம். வாய்ச்சொல்லை நம்பாமல், பின்னக் கோட்டுக்குக் கீழே விரல் வைத்து 'இந்த எண்' என்று காட்டிவிடுவது மேல்.

இரண்டாம் தாள்: அழகாக வந்த தவறான விடை

மூன்றில் மோசமானது இதுதான். அமைப்பு சரி: (ம − 4)(ம − 5) / ம(ம − 1) = 1/3. விரிக்கும்போது (−4) × (−5) என்பது −20 ஆகிவிட்டது. ம² − 9ம − 20. அதன் பின்:

2ம² − 26ம − 60 = 0
ம² − 13ம − 30 = 0
(ம − 15)(ம + 2) = 0
ம = 15 அல்லது −2

தன்மைகாட்டி 169 + 120 = 289, அதாவது 17-இன் வர்க்கம். காரணி சுத்தமாக விழுகிறது. ஒரு மூலம் மிகை, ஒன்று குறை. 'பழம் குறை எண்ணாக இருக்க முடியாது, ஆகவே 15' என்று வழக்கமான வாசகமும் பொருந்துகிறது. சரியான வழியைவிட இதுதான் பாடநூல் விடைபோலத் தோன்றும். முதல் தாளில் சொன்ன முழுவர்க்கச் சோதனை இங்கே உதவாது. முழுவர்க்கம் வராவிட்டால் தவறு என்று சொல்லலாம், வந்துவிட்டால் சரி என்று சொல்ல முடியாது.

பிடிப்பது ஒரே வழியில்தான். 15-ஐக் கணக்கின் வாசகத்தில் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். 15 பழம், 11 செந்தூரம்; (11 × 10) / (15 × 14) = 110/210 = 11/21. பாதிக்கும் மேல். கேட்டது மூன்றில் ஒன்று. கவனிக்க வேண்டியது, விடையைத் தன் சமன்பாட்டில் வைத்துச் சரிபார்ப்பதும், கணக்கின் வாசகத்தில் வைத்துச் சரிபார்ப்பதும் ஒன்றல்ல. மாணவி சரிபார்க்கத்தான் செய்திருந்தார்: 225 − 195 − 30 = 0, சரி. தான் கெடுத்த சமன்பாட்டைக் கொண்டே தன் விடையைச் சோதித்தால் அது ஆமாம் சாமிதான் போடும்.

பின்னத்தில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் இல்லாவிட்டாலும் இந்த எண்களுக்கு அது தேவையும் இல்லை.

மூன்றாம் தாள்: இரண்டுமே பிளஸ்

மூன்றாம் முறை குறிகள் சரி. ம² − 13ம + 30 = 0. விடையாக '10 அல்லது 3' என்று இரண்டையும் எழுதிவிட்டார். கேட்டதற்குப் பதில்: "ரெண்டுமே பிளஸ்தானுங்க டீச்சர், எதை வெட்டறது?"

'குறை எண்ணை நீக்கு' என்பதை விதியாகவே மனப்பாடம் செய்ததன் விளைவு. 3-ஐ நீக்க வேண்டிய காரணம் அதன் குறி இல்லை. கூடையில் 4 பங்கனப்பள்ளி இருக்கிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டோம். மொத்தமே 3 பழம் உள்ள கூடையில் அந்த 4 எப்படி உட்காரும்?

அப்படியானால் 3 ஏன் சமன்பாட்டை நிறைவு செய்கிறது? போட்டுப் பாருங்கள்: (3 − 4)(3 − 5) = (−1)(−2) = 2. கீழே 3 × 2 = 6. 2/6 = 1/3. 'கழித்தல் ஒன்று' செந்தூரமும் 'கழித்தல் இரண்டு' செந்தூரமும் பெருக்கலில் சேர்ந்து மிகை எண்ணாகிவிட்டன. சமன்பாட்டுக்கு மாம்பழம் தெரியாது.

இதையே செந்தூரத்தின் எண்ணிக்கையை ச என்று வைத்துச் செய்தால் முகம் மாறும். மொத்தம் ச + 4. ச(ச − 1) / (ச + 4)(ச + 3) = 1/3. சுருக்கினால் ச² − 5ச − 6 = 0. ச = 6 அல்லது −1. அங்கே 3 என்று மிகையாக ஒளிந்திருந்தது இங்கே −1 என்று வெளிப்படையாக நிற்கிறது; −1 + 4 = 3, இரண்டும் ஒரே ஆள். ச என்று வைப்பது இந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் இதற்கும் ஒரு கூலி உண்டு: 6 என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். கேட்டது மொத்தம், விடை 10. ச என்பது செந்தூரம் அல்ல, செந்தூரத்தின் எண்ணிக்கை என்று முதல் வரியில் முழு வாக்கியமாக எழுதுவது இதற்காகத்தான்.

மாணவிக்குக் கடைசியில் பிடிபட்டது ஒரு சின்ன மாற்றம். சமன்பாடு எழுதுவதற்கு முன்பே எல்லையை எழுதிவிடுவது: 'ம முழு எண். 4 பங்கனப்பள்ளி உண்டு. இரண்டும் செந்தூரமாக வரும் வாய்ப்பு சுழியம் இல்லை, ஆகவே செந்தூரம் குறைந்தது 2. எனவே ம ≥ 6.' இந்த ஒரு வரி மேலே இருந்தால் 3 தானாக விழுந்துவிடும், கடைசியில் யோசிக்க வேண்டியதில்லை. கேரள எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் எழுதத் தொடங்குமுன் 15 நிமிடம் 'கூல் ஆஃப்' நேரம் தருகிறார்கள். தமிழ்நாட்டிலும் வினாத்தாள் படிக்க 10 நிமிடம் உண்டு. எந்த எழுத்து எதன் எண்ணிக்கை, அதன் எல்லை என்ன என்று மனதில் முடிவு செய்ய அதுவே நல்ல நேரம்.

எண்ணை மாற்றிக் கணக்குப் போடுபவர்களுக்கு

இந்தக் கணக்கை வகுப்புக்கு எடுத்துச் செல்பவர் 4 பங்கனப்பள்ளியை 5 ஆக மாற்றி 'புதுக் கணக்கு' என்று பலகையில் எழுதினால் மாட்டிக்கொள்வார். பங்கனப்பள்ளியின் எண்ணிக்கையை ப என்று வைத்தால், 1/3 என்ற நிகழ்தகவுக்குச் சமன்பாடு இப்படி வரும்:

ம² − (3ப + 1)ம + 3ப(ப + 1)/2 = 0

ப = 5 என்றால் ம² − 16ம + 45 = 0. தன்மைகாட்டி 76. அப்படி ஒரு கூடையே இல்லை. ப = 1 என்றால் ம² − 4ம + 3 = 0; மூலங்கள் 3, 1. ப = 4 என்றால் 10, 3. அடுத்து முழு எண் தருவது ப = 15: ம² − 46ம + 360 = 0; மூலங்கள் 36, 10. அதற்கடுத்து ப = 56: மூலங்கள் 133, 36. ஒரு கூடையின் சரியான விடை அடுத்த கூடையில் நீக்க வேண்டிய மூலமாக வந்து உட்கார்கிறது: 1, 3, 10, 36, 133. நாம் தூக்கி எறிந்த 3-கூட வெறும் குப்பை அல்ல. ஒரே ஒரு பங்கனப்பள்ளி உள்ள கூடைக்கு அதுதான் விடை. 2 செந்தூரம், மொத்தம் 3: (2 × 1) / (3 × 2) = 1/3.

நிகழ்தகவு 1/2 வேண்டுமென்றால் 6 பங்கனப்பள்ளி வைக்கலாம். ம² − 25ம + 84 = 0; மூலங்கள் 21, 4. (15 × 14) / (21 × 20) = 210/420. இங்கேயும் 4 மிகை எண், இங்கேயும் அதை நீக்கக் காரணம் கூடையில் உள்ள 6 பழம். எளிமையாகத் தொடங்க நினைப்பவர் இதைவிட இறங்கலாம்: 1 பங்கனப்பள்ளி, நிகழ்தகவு 1/2. ம − 1 மேலும் கீழும் அடிபட்டுப்போய் (ம − 2)/ம = 1/2, ம = 4.

எண்ணை யோசிக்காமல் மாற்றுவதில் இன்னொரு விபத்தும் உண்டு. 'பெட்டியில் 30 சீட்டு, அதில் சில பரிசுச் சீட்டு. பரிசில்லாத 10 சீட்டை எடுத்துவிட்டால் பரிசு கிடைக்கும் நிகழ்தகவு ஒன்றரை மடங்காகிறது. பரிசுச் சீட்டு எத்தனை?' பார்க்க நல்ல கணக்கு. பரிசுச் சீட்டின் எண்ணிக்கை ச என்றால் ச/20 = (3/2)(ச/30) = ச/20. இரு பக்கமும் ஒன்றே; ச எதுவாக இருந்தாலும் பொருந்தும். பரிசுச் சீட்டு குறையாமல் மொத்தம் 30-இலிருந்து 20 ஆனாலே பரிசு வாய்ப்பு ஒன்றரை மடங்காகிவிடும். 0 = 0 என்று வந்த பிள்ளை தன் கையைத்தான் சந்தேகப்படும், கேள்வியை அல்ல.

சாத்தியமும் சாத்யதையும்

தாள்களில் தெரியாமல், வாயைக் கிளறியபோது வெளிவந்த ஒன்று. 'இரண்டும் செந்தூரமாக வர வாய்ப்பு எவ்வளவு இருக்கும், கணக்குப் போடாமல் சொல்' என்றால் மாணவியின் பதில், 'பாதி. வந்தா வரும், வராட்டி இல்ல.'

மலையாளத்தில் நிகழ்தகவுக்குச் சொல் 'சாத்யத'. அதற்கு அளவு உண்டு, கூடும் குறையும். தமிழில் சாத்தியம் என்றால் முடியுமா முடியாதா என்ற இரண்டே பதில். சொல் ஒன்றுபோல் ஒலிப்பதால் தமிழ் வீட்டுப் பிள்ளை இரண்டு பதிலைப் பிடித்துக்கொள்கிறது, ஆளுக்குப் பாதி பங்கு போட்டுவிடுகிறது. இதை உடைக்கச் சோதனைச்சாவடி தாண்டினால் கண்ணில் படும் லாட்டரிக் கடையே போதும். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்தது. கேரளத்தில் அரசே 1967 முதல் லாட்டரித் துறை நடத்துகிறது. எல்லை ஊர்ப் பிள்ளைக்குச் சீட்டு எண் புதிதல்ல. கடைசி நான்கு இலக்கம் பொருந்தினால் பரிசு என்று வைத்துக்கொள்வோம். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு எண் குலுக்கினால் வாய்ப்பு 1/10,000. 'விழுந்தா விழும்' என்பது சாத்தியம். பத்தாயிரத்தில் ஒன்று என்பது நிகழ்தகவு. பாதி என்றால் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் பரிசுப் பணம் இருந்திருக்க வேண்டும் என்று சொன்னதும் மாணவி சிரித்துவிட்டார்.

(ஆ) பிரிவு

மூன்று தாளிலும் இந்தப் பிரிவு தனிக் கதை. முதல் இரண்டு தாளில் காலியாக விடப்பட்டிருந்தது, '(அ) வரல' என்ற குறிப்போடு. மூன்றாம் தாளில் 4/10 + 4/10 = 8/10 என்று இருந்தது.

ஒரு விஷயத்தில் அவர் சரி. இரண்டாவது எடுக்கும் பழம் பங்கனப்பள்ளியாக இருக்கும் நிகழ்தகவும் 4/10-தான்; 36 சோடிகள், 90-இல். பலர் இதை 3/9 என்றோ 4/9 என்றோ அடம்பிடிப்பார்கள். முதல் பழம் என்னவென்று தெரியாதவரை முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் வேறுபாடு இல்லை. தவறியது கூட்டல் தேற்றத்தின் கடைசி உறுப்பு, அதாவது இருமுறை எண்ணியதைக் கழிப்பது. இரண்டுமே பங்கனப்பள்ளியாக வரும் 4 × 3 = 12 சோடிகள் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கின்றன. 36 + 36 − 12 = 60. 60/90 = 2/3.

ஆனால் இந்தச் சுற்றே வேண்டாம். 'குறைந்தது ஒன்றாவது பங்கனப்பள்ளி' என்பதன் நிரப்பு நிகழ்ச்சி, அதாவது அது நடக்காமல் போகும் நிலை, 'இரண்டும் செந்தூரம்'. அதன் நிகழ்தகவு 1/3 என்று கேள்வியிலேயே கொடுத்திருக்கிறது. 1 − 1/3 = 2/3. கூடையில் எத்தனை பழம் என்று தெரிய வேண்டியதே இல்லை. முதல் தாளில் 9 என்றும் இரண்டாம் தாளில் 15 என்றும் எழுதியவர், அந்த இரண்டு தாளிலும் இந்த ஒரு வரியை எழுதி (ஆ) பிரிவின் மதிப்பெண்ணை முழுதாக வாங்கியிருக்கலாம்.